தாவர செல்லைப் பலகை ஆட்டமாக்குவது எப்படி? பாலக்காட்டு எல்லைப் பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டி

உயிரியல் பாடத்திற்கு ஓர் ஆட்டம் செய்யலாம் என்று நினைக்கும் ஆசிரியர்களில் பலர் முதலில் எடுத்துக்கொள்வது பரமபதப் பலகையைத்தான். ஏணியின் அடியில் ஒரு கேள்வியும் பாம்பின் வாயில் ஒரு கேள்வியும் எழுதி, பகடையை உருட்டச் சொல்வார்கள். விடை தெரிந்த பிள்ளை ஏறும், தெரியாத பிள்ளை இறங்கும். இருவரும் புதிதாக எதையும் கற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள். இத்தகைய ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பசுங்கணிகம், உட்கரு என்று எழுதிய இடங்களில் அக்பர், பாபர் என்று எழுதிப் பாருங்கள். ஆட்டம் சிறிதும் மாறாமல் அப்படியே நடக்குமானால், அதில் உயிரியல் இல்லை. உயிரியல் பெயர்கள் மட்டுமே உள்ளன.

இந்தக் கட்டுரை விளக்கும் ஆட்டத்தில் கேள்வி அட்டைகள் கிடையாது, பகடையும் கிடையாது. செல்லில் எது எதனால் நடக்கிறதோ அதுவே ஆட்ட விதி. அமெரிக்காவின் ஜீனியஸ் கேம்ஸ் நிறுவனம் மனித செல்லைக் களமாகக் கொண்ட சைட்டோசிஸ் என்ற ஆட்டத்தையும், பின்னர் தாவர செல்லைக் களமாகக் கொண்ட செல்லுலோஸ் என்ற ஆட்டத்தையும் இந்த முறையில் வெளியிட்டிருக்கிறது. அவற்றை வாங்க முடிந்தவர்கள் வாங்கி ஆடலாம். ஆனால் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளுக்கும் ஊர்க் கிரந்தசாலைகளுக்கும் (நூலகங்களுக்கும்), அட்டைப்பெட்டியும் புளியங்கொட்டையும் கொண்டு தாமே செய்துகொள்ளும் ஆட்டம்தான் பொருத்தமானது என்பது என் கருத்து. செய்யும்போதே பாதிப் பாடம் முடிந்துவிடும். எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு முதல் நான்கு பேர் வரை சேர்ந்து ஆடுவதற்கு ஏற்றவாறு கீழ்க்காணும் விதிகள் அமைந்துள்ளன.

முதற்படி: எந்த செல் என்று முடிவு செய்தல்

'தாவர செல்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வரையத் தொடங்கக் கூடாது. வேர் செல்லில், ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகம் இராது. முதிர்ந்த கட்டை செல்லில் உயிரே இராது. நமக்கு ஒளிச்சேர்க்கையும் வேண்டும், செல் சுவர் கட்டப்படுவதும் வேண்டும். ஆகவே வளர்ந்துகொண்டிருக்கும் ஓர் இளம் இலையின் உட்பகுதி செல்லைத் தேர்ந்தெடுங்கள். கத்தரி, நிலக்கடலை, மா என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு செடியின் பெயரையும் பலகையின் தலைப்பில் எழுதிவிடுங்கள். கரும்பையும் சோளத்தையும் இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாம் படி: பலகை வரைதல்

இரண்டு சார்ட் பேப்பர்களை ஒட்டிய அளவுள்ள ஒரே செல்லை, எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பொதுவாக வரையுங்கள். ஆளுக்கொரு செல் என்று பிரித்துவிட்டால் இந்த ஆட்டத்தின் உயிர்நாடி போய்விடும். நடுவில், நீர் நிறைந்த பையான மைய நுண்குமிழியைப் (வாக்குவோல்) பெரிதாக வரைய வேண்டும். முதிர்ந்த தாவர செல் ஒன்றில் அது கொள்ளளவில் 90 விழுக்காடு வரைகூட நிரப்பியிருக்கும். நம் செல் இளமையானது என்பதால் பாதி இடம் கொடுத்தால் போதும். உட்கருவை நடுவில் வரையும் பழக்கம் விலங்கு செல் படத்திலிருந்து வருவது. இங்கே நுண்குமிழி அதை ஓரத்திற்குத் தள்ளியிருக்கும். ஆகவே உட்கரு, ரைபோசோம் பதிந்த எண்டோபிளாச வலைப்பின்னல், கோல்கை உறுப்பு ஆகியவற்றை ஒன்றையடுத்து ஒன்றாக ஓரத்திலேயே அமையுங்கள். பசுங்கணிகங்கள் சிலவற்றையும், அவற்றைவிடச் சிறியனவாக மைட்டோகாண்ட்ரியாக்கள் சிலவற்றையும் சுற்றிலும் வரையுங்கள். செல்லுக்கு வெளியே, பலகையின் ஒரு விளிம்பில் இலைத்துளையும் எதிர்விளிம்பில் வேரிலிருந்து நீரைக் கொண்டுவரும் சைலக் குழாயும் இருக்க வேண்டும்.

நுண்குமிழிக்குள் பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட ஒரு நீர்மட்ட அளவுகோலை வரைந்து, நான்காம் கட்டத்தில் சிவப்புக் கோடு போடுங்கள். செல்லைச் சுற்றிச் சுவருக்கான இரட்டைக் கோட்டையும் வரைந்து, அதன் உள்விளிம்பை ஒட்டி 'செல் சவ்வு' என்று எழுதுங்கள். எல்லைப் பகுதி ஆதலால், ஒரே தெருவில் ஒரு பிள்ளை தமிழ்வழியிலும் அடுத்த வீட்டுப் பிள்ளை மலையாளவழியிலும் படிப்பது இயல்பு. உறுப்புகளின் பெயரை இரு மொழிகளிலும் எழுதிவிட்டால் ஒரே பலகையை இருவரும் பயன்படுத்தலாம்.

மூன்றாம் படி: காய்களும் வில்லைகளும்

கார்பன் டைஆக்சைடுக்குப் புளியங்கொட்டை. நூற்றிருபது வரை வேண்டும். நீருக்கு நீலத் தாளில் வெட்டிய வட்டங்கள். ஆக்சிஜனுக்கு வெள்ளைப் பொத்தான்கள். குளுக்கோஸுக்கு அட்டையில் வெட்டிய அறுகோணங்கள். ஒவ்வொன்றிலும் ஆறு புள்ளிகள் வைத்துவிட்டால் ஆறு கார்பன் என்பது கண்ணிலேயே பதியும். செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.க்கு மஞ்சள் வில்லை, சுவரின் இழையான செல்லுலோஸுக்கு நீண்ட பட்டை, இழைகளை இணைக்கும் கூழான பெக்டினுக்குச் சிறு சதுரம். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரே நிறத்தில் மூன்று வேலைக்காய்கள் வேண்டும். நுண்குமிழியின் நீர்மட்டத்தைக் காட்ட ஒரு தனிக் காயும் தேவை.

ஓர் எச்சரிக்கை. அழகாக இருக்கிறது என்று குன்றிமணியை எடுக்காதீர்கள். ஆமணக்கு விதையும் வேண்டாம். கடித்து மென்றால் இரண்டும் கொடிய நஞ்சு. ஆட்டம் நடக்கும் வீட்டில் தம்பி தங்கைகள் சுற்றிக்கொண்டிருப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

வில்லைகளை வைக்கச் சிரட்டைகள் போதும். அவற்றில் ஒன்றைப் 'பிணைந்த கார்பன்' என்று பெயரிட்டுப் பசுங்கணிகத்தின் அருகில் வையுங்கள். அதன் பயன் ஆட்டத்தின் முடிவில்தான் தெரியும்.

நான்காம் படி: விதிகள்

ஆட்டம் எட்டுச் சுற்றுகள் கொண்டது: இரண்டு பகல், இரண்டு இரவு, மீண்டும் இரண்டு பகல், இரண்டு இரவு. ஒவ்வொரு சுற்றிலும் ஆட்டக்காரர்கள் முறைவைத்து, ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு வேலைக்காயைப் பலகையில் ஓரிடத்தில் வைத்து, அந்த இடத்தின் பலனை உடனே பெறுவார்கள். மூவர் மூன்று காய்களையும் வைத்து முடித்தால் ஒன்பது வேலைகள் நடந்திருக்கும். இலைத்துளை, சைலக் குழாய், பசுங்கணிகம், மைட்டோகாண்ட்ரியா ஆகிய நான்கு இடங்களிலும் ஒரு சுற்றில் ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவாகவே காய்கள் நிற்கலாம். உட்கருவிலும் கோல்கையிலும் ஒரே ஒரு காய். ரைபோசோமிலும் செல் சவ்விலும் கட்டுப்பாடு இல்லை. தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குளுக்கோஸ் உண்டு. இளம் இலை, முதிர்ந்த இலைகளிலிருந்து சர்க்கரையைப் பெற்றுத்தான் வளரத் தொடங்குகிறது. நீர்மட்டக் காய் எட்டாம் கட்டத்தில் நிற்கும்.

இலைத்துளையில் காய் வைப்பவர் ஆறு கார்பன் டைஆக்சைடை எடுத்துக்கொள்வார். அதே வேளையில் நீர்மட்டம் ஒரு கட்டம் இறங்கும். காற்று உள்ளே வரத் துளை திறந்தால் நீராவி வெளியேறுவதைத் தடுக்க முடியாது என்பதே இதன் பொருள். சைலத்தில் காய் வைப்பவருக்கு ஏழு நீர் வில்லைகள். அவற்றில் எத்தனையைத் தம்மிடம் வைத்துக்கொள்வது, எத்தனையை நுண்குமிழியில் ஊற்றுவது என்பதை அவரே முடிவு செய்யலாம். ஒளிச்சேர்க்கைக்கு ஆறு போதும் என்பதால் ஏழாவதுதான் இந்த ஆட்டத்தின் அச்சாணி. மூவரோ நால்வரோ ஆடும்போது எல்லோரும் ஏழையும் பதுக்கிக்கொண்டால், இரண்டாம் பகலுக்குள் நீர்மட்டம் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும். கோட்டிலோ அதற்குக் கீழோ மட்டம் நிற்கும்வரை எவரும் சுவர்த் துண்டு வைக்கக் கூடாது. இது நாம் விதிக்கும் தண்டனையன்று. நுண்குமிழியின் நீரழுத்தம் சுவரை உள்ளிருந்து தள்ளினால்தான் தாவர செல் விரிந்து வளர முடியும், அழுத்தம் குறைந்தால் இலை வாடும். போட்டி ஆட்டத்திற்குள் ஒத்துழைப்பு தானாகவே வந்து சேரும் இடம் இதுதான். தமிழ்நாடும் கேரளமும் பகிர்ந்துகொள்ளும் ஆழியாற்று நீரின் பங்கைப் பற்றிப் பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்ந்த பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவும் வேண்டியதில்லை.

பசுங்கணிகத்தில் ஆறு கார்பன் டைஆக்சைடையும் ஆறு நீரையும் செலுத்தினால் ஒரு குளுக்கோஸ் கிடைக்கும். ஆறு ஆக்சிஜன், வெளிக்காற்றைக் குறிக்கும் பொதுத் தட்டான காற்றுத் தட்டுக்குப் போகும். செலுத்திய புளியங்கொட்டைகள் ஆறும் 'பிணைந்த கார்பன்' சிரட்டைக்குள் விழ வேண்டும். இரவுச் சுற்றுகளில் பசுங்கணிகமும் இலைத்துளையும் மூடப்பட்டிருக்கும். சைலம் வழக்கம்போல் வேலை செய்யும். பகலில் துவண்ட செடி இரவில் நிமிர்வது இதனால்தான்.

மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு குளுக்கோஸையும் தட்டிலிருந்து ஆறு ஆக்சிஜனையும் செலுத்தினால் மூன்று ஏ.டி.பி. வில்லைகள் கிடைக்கும். ஒரு குளுக்கோஸிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.டி.பி. உருவாவதாக இன்று கணக்கிடப்படுவதால், ஒரு வில்லை பத்து மூலக்கூறுகளைக் குறிக்கும் என்று பெட்டியின் மூடியில் எழுதிவிடுங்கள். பழைய பாடநூல்களில் 36 அல்லது 38 என்று இருக்கும். கேள்வி எழுந்தால் திகைக்க வேண்டாம். சிரட்டையிலிருந்து ஆறு புளியங்கொட்டைகளும் அவற்றுடன் ஆறு நீரும் அந்த ஆட்டக்காரரிடமே திரும்பி வரும். பகலில் அவற்றை உடனே பசுங்கணிகத்திற்குக் கொண்டுபோகலாம். இரவில் கார்பன் டைஆக்சைடைக் காற்றுத் தட்டில் போட்டுவிட வேண்டும். மைட்டோகாண்ட்ரியா பகலிலும் இரவிலும் திறந்திருக்கும். 'செடி பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும்' என்ற, தேர்வுத்தாள் தோறும் தென்படும் தவற்றை இந்த ஒரு விதி சொற்பொழிவு இல்லாமலே திருத்திவிடும்.

சுவர் கட்டுவதற்கு முன் நொதி (என்சைம்) வேண்டும். உட்கருவில் காய் வைத்து ஒரு ஏ.டி.பி. செலுத்தினால், நொதிக்கான குறிப்பைச் சுமக்கும் செய்தி ஆர்.என்.ஏ. அட்டை ஒன்று கிடைக்கும். அதை ரைபோசோமில் இன்னொரு ஏ.டி.பி.யுடன் கொடுத்தால், செல்லுலோஸ் உருவாக்கும் நொதி உங்களுடையது. நொதி செலவாவதில்லை, ஆட்டம் முடியும்வரை உங்களிடமே இருக்கும்.

அடுத்து வருவது, நன்கு படித்தவர்களும் பிழை செய்யும் இடம். சுவர்ப் பொருள்கள் எல்லாமே கோல்கையில் உருவாகி வெளியே அனுப்பப்படுவதாகப் பல வரைபடங்கள் காட்டுகின்றன. பெக்டினுக்கு அது சரி. செல்லுலோஸ் அப்படி உருவாவதில்லை. செல் சவ்விலேயே பதிந்திருக்கும் நொதித் தொகுதிகள், உள்ளிருந்து குளுக்கோஸ் அலகுகளை வாங்கி, வெளிப்புறத்தில் இழையாக நீட்டிக்கொண்டே போகின்றன. ஆகவே பெக்டின் வேண்டுபவர் கோல்கையிலும், செல்லுலோஸ் வேண்டுபவர் செல் சவ்விலும் காய் வைக்க வேண்டும். இரண்டுக்கும் விலை ஒன்றுதான்: ஒரு குளுக்கோஸ், ஒரு ஏ.டி.பி. செல்லுலோஸுக்கு மட்டும் நொதி அட்டையும் கையில் இருக்க வேண்டும். செல்லுலோஸ் பட்டைக்கு மூன்று புள்ளி, பெக்டினுக்கு ஒரு புள்ளி. ஆனால் ஒருவர் தம்முடைய இரண்டு பட்டைகளை அடுத்தடுத்து வைக்கக் கூடாது. இடையில் ஒரு பெக்டின் வேண்டும். இழைகளும் அவற்றை இணைக்கும் கூழும் சேர்ந்ததே சுவர்.

நான்கு பகற்சுற்றுகளில் நான்கு குளுக்கோஸ், தொடக்கத்தில் இரண்டு, ஆக ஆறு. அதில் இரண்டை எரித்தால் ஆறு ஏ.டி.பி. நொதிக்கு இரண்டு போக நான்கு மீதி. மிஞ்சிய நான்கு குளுக்கோஸுக்கும் சரியாகப் பொருந்தும். அதாவது இடநெருக்கடி சிறிதும் இல்லாமல் ஆடுபவர் இரண்டு பட்டையும் இரண்டு பெக்டினுமாக எட்டுப் புள்ளி பெறலாம். நடைமுறையில் நெருக்கடி இருந்தே தீரும்.

ஐந்தாம் படி: நிகழ்வு அட்டைகள்

முதல் ஆட்டத்தில் இவை வேண்டாம். இரண்டாம் ஆட்டத்திலிருந்து, ஒவ்வொரு பகற்சுற்றின் தொடக்கத்திலும் ஓர் அட்டையைத் திருப்புங்கள். பெயர்களை உங்கள் வானத்திலிருந்தே எடுக்கலாம். 'கணவாய்க் காற்று': மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் வறண்ட காற்றில் நீராவி விரைந்து போகும், இலைத்துளை ஒவ்வொன்றுக்கும் நீர்மட்டம் இரண்டு கட்டம் இறங்கும். 'மூலத்தறை மதகு திறப்பு': பாசன நீர் வருவதால் சைலத்தில் ஒன்பது வில்லைகள். 'இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) மேகம்': சைலத்தில் எட்டு, ஆனால் வெளிச்சம் குறைவதால் பசுங்கணிகத்தில் ஓரிடம் குறையும்.

ஹார்மோன் அட்டைகள் இரண்டு போதும். அப்சிசிக் அமிலம் நீர்மட்டம் சிவப்புக் கோட்டை எட்டும்போது தானாகவே செயல்படும்; அடுத்த சுற்றில் இலைத்துளை மூடப்படும். நீர் வீணாகாது, சர்க்கரையும் வராது. ஆக்சின் அட்டையைப் பெற்றவர் ஒரு ஏ.டி.பி. செலுத்தினால் அந்தச் சுற்றில் ஒரே காயால் இரண்டு சுவர்த் துண்டுகள் வைக்கலாம். ஆக்சின் சவ்விலுள்ள புரோட்டான் பம்புகளைத் தூண்டிச் சுவரை அமிலமாக்கி நெகிழச் செய்கிறது, அந்தப் பம்புகள் ஏ.டி.பி.யைச் செலவிடுகின்றன. முதலமடை மாந்தோப்புகளுக்கு அருகில் இருப்பவர்கள் எத்திலினையும் சேர்க்க விரும்புவார்கள். மாங்காயைப் பழுக்க வைக்கும் எத்திலினுக்கு இந்த இளம் இலைப் பலகையில் தகுந்த வேலை இல்லை என்பதால் நான் சேர்க்கவில்லை.

ஆறாம் படி: ஆடுவதற்கு முன் ஒரு நாள்

நுண்ணோக்கி கிடைக்குமானால், ஆட்டத்திற்கு முந்தைய நாள் ரியோ என்ற அலங்காரச் செடியின் இலையிலிருந்து ஊதா நிறக் கீழ்த்தோலைச் சிறிதளவு உரித்து, ஒரு சொட்டு நீரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஊதா நிறம் நுண்குமிழியில் கரைந்துள்ள நிறமி. ஓரத்தில் உப்புக் கரைசலை விட்டால், நிறம் சுவரை விட்டு விலகிச் சுருங்குவதைச் சில நிமிடங்களில் காணலாம். உடனே நல்ல நீரால் கழுவினால் பல செல்கள் மீண்டும் விரியும். இதைக் கண்ட பிள்ளைக்குச் சிவப்புக் கோட்டின் பொருளை யாரும் சொல்ல வேண்டியதில்லை. குளத்து ஹைட்ரில்லாவின் இலையில் பசுங்கணிகங்கள் செல்லைச் சுற்றி நகர்ந்துகொண்டிருப்பதையும் காட்டிவிடலாம்.

ஏழாம் படி: முதல் ஆட்டத்தை நடத்துதல்

விதிகளை எல்லாம் முன்கூட்டியே வாசித்துக் காட்டினால் பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். முதல் பகற்சுற்றுக்கு இலைத்துளை, சைலம், பசுங்கணிகம் ஆகிய மூன்றை மட்டும் விளக்கி ஆடத் தொடங்குங்கள். இரவு வந்ததும் மைட்டோகாண்ட்ரியா, ஏ.டி.பி. கைக்கு வந்ததும் உட்கரு. ஆசிரியர் விடை சொல்பவராக இல்லாமல் நடுவராக இருப்பது நல்லது. 'இரவில் ஏன் சர்க்கரை செய்யக் கூடாது?' என்று கேட்டால், பலகையில் வெளிச்சம் எங்கே வருகிறது என்று திருப்பிக் கேளுங்கள். ஒரு பாடவேளைக்குள் எட்டுச் சுற்றுகளும் முடியாமல் போகலாம்; நான்கோடு நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்வதில் தவறில்லை, ஆனால் வில்லைகளின் எண்ணிக்கையை எழுதி வையுங்கள்.

எட்டாம் படி: கார்பன் தணிக்கை

புள்ளிகளை எண்ணுவதற்கு முன் 'பிணைந்த கார்பன்' சிரட்டையைக் கவிழ்த்து எண்ணச் சொல்லுங்கள். தொடக்கத்தில் கொடுத்த குளுக்கோஸ்களுக்காக அதில் ஆளுக்குப் பன்னிரண்டு, அதாவது நால்வருக்கு 48 புளியங்கொட்டைகளை முதலிலேயே இட்டிருக்க வேண்டும். அப்படியானால் கையிலுள்ள குளுக்கோஸ்களையும் சுவரிலுள்ள துண்டுகளையும் சேர்த்து எண்ணி ஆறால் பெருக்கினால், சிரட்டையில் உள்ள எண்ணிக்கை வந்தாக வேண்டும். வராவிட்டால் யாரோ ஓரிடத்தில் விதி பிசகியிருக்கிறார்கள். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு பயிற்சி. 1648 இல் வெளியான வான் ஹெல்மான்ட்டின் சோதனையை இந்த இடத்தில் சொல்லலாம். தொட்டியில் ஐந்தாண்டு வளர்ந்த வில்லோ மரம் 164 பவுண்டு எடை கூடியிருந்தது. மண்ணோ இரண்டு அவுன்ஸ் அளவே குறைந்திருந்தது. எடை முழுவதும் நீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு செய்தார். சிரட்டையை எண்ணிய பிள்ளைகளிடம் அவர் எதை விட்டுவிட்டார் என்று கேளுங்கள்.

ஒன்பதாம் படி: ஆட்டம் சொல்லும் பொய்கள்

எந்த ஆட்டமும் சுருக்கிச் சொல்லும்போது சில பொய்களைச் சொல்லியே தீரும். அவற்றை மறைக்காமல், பட்டியலிடும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். என் பட்டியலில் முதலில் நிற்பது நீரிழப்பு: ஒரு கார்பன் டைஆக்சைடு மூலக்கூறைப் பிணைப்பதற்குள் இத்தகைய செடி நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகளை ஆவியாக இழக்கிறது, நாமோ ஆறுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறோம். பசுங்கணிகமும் ஒளியில் தனக்கென ஏ.டி.பி. செய்து உள்ளேயே செலவிடுகிறது என்பதை ஆட்டம் சொல்வதில்லை. பகலில் மிஞ்சும் சர்க்கரை பசுங்கணிகத்திலேயே ஸ்டார்ச்சாகச் சேமிக்கப்படுவதும் விடுபட்டிருக்கிறது. ஒரு பட்டைக்கு ஒரு குளுக்கோஸ் என்பதும் பொய்தான். உண்மையான ஒரு செல்லுலோஸ் சங்கிலியில் ஆயிரக்கணக்கான அலகுகள் இருக்கும். பிள்ளைகள் கண்டுபிடித்த ஒரு பொய்யை நீக்க அவர்களே ஒரு விதியை எழுதி, அடுத்த ஆட்டத்தில் சேர்த்து ஆடட்டும். ஸ்டார்ச் விதிதான் எளிதாகச் சேரும்.

ஆட்டம் நன்கு பழகிய பின், கரும்புக்கென இரண்டாம் பலகை செய்யலாம். கரும்பிலும் சோளத்திலும் கார்பன் டைஆக்சைடு முதலில் ஒரு செல்லில் நான்கு கார்பன் அமிலமாகப் பிடிக்கப்பட்டு, அடுத்த செல்லுக்கு அனுப்பப்பட்ட பிறகே சர்க்கரையாகிறது, நீரிழப்பும் குறைவு. ஆகவே ஒரு செல் பலகை போதாது. இரண்டு செல்களை அருகருகே வரைந்து, இடையில் அமிலத்தைக் கடத்த ஒரு வழி வைத்து, அந்தக் கடத்தலுக்கு ஒரு ஏ.டி.பி. விலை வையுங்கள், பதிலுக்கு இலைத்துளையின் நீரிழப்பை இரண்டு முறைக்கு ஒரு கட்டம் என்று குறையுங்கள். அந்தப் பலகையின் அட்டை ஒன்றில், தலச்சேரியில் பிறந்து (1897) கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்த ஜானகி அம்மாளின் பெயரை எழுதலாம். அந்த அட்டையைப் பெறுபவர் உட்கருவில் ஏ.டி.பி. செலுத்தாமலே செய்தி அட்டை எடுத்துக்கொள்ளட்டும்.